பனிக்குச் சாகாத ரோஜா

நவம்பர் 21

டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் கழித்து, படித்த படிப்புக்கு ஒரு வேலை. இதுவரை ஊட்டியில் ஒரு கடையில் சுற்றுலாக்காரர்கள் கலைத்துப் போட்ட ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தேன். இனி மடிக்க வேண்டாம்.

வெள்ளைப்பள்ளத்தில் எங்கள் காலனியை ஒட்டி இருந்த பழைய எஸ்டேட்டை ஒரு விடுதிக் கம்பெனி வாங்கியிருக்கிறது. அங்கே ரோஜாத் தோட்டம் போடப்போகிறார்கள். எங்கள் பள்ளத்து உறைபனியை எந்த ரோஜா தாங்கும் என்று சோதித்து நான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும்.

வேலை வாங்கித் தந்தது காந்தன். எங்கள் காலனிதான். இப்போது கம்பெனியில் சைட் சூப்பர்வைசர், தங்குவது அவர்கள் குவார்ட்டர்ஸில். "பெங்களூர்லருந்து ஆள் கூப்புடுறதா இருந்தாங்க. நம்ம ஊர்லயே படிச்ச புள்ள இருக்குன்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

எம்.டி. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஆளுங்க தோட்ட வேலை நல்லா செய்வாங்க இல்ல?"

உங்க ஆளுங்க. தாத்தா இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பிறகு மூன்றாவது தலைமுறை நான். ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. இன்னும் "உங்க ஆளுங்க". சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். வேலை வேண்டும்.

நவம்பர் 25

செடிகள் வந்து இறங்கின. தேர்வை என்னிடமே விட்டிருந்தார்கள் என்பதால் முதலில் டீ ரோஜாக்களை ஒதுக்கினேன். கல்யாண மேடையில் வைக்கிற, நீளக் காம்பு ரோஜாக்கள். அவை எல்லாம் ஒட்டுச்செடி. அடியில் ஏதோ ஒரு காட்டு ரோஜாவின் வேர், மேலே விற்பனைக்கான பூ. உறைபனி ஒட்டிய இடத்தைக் கருக்கினால் மேலே இருப்பது செத்து, கீழே இருப்பது துளிர்க்கும். சிவப்பு என்று வாங்கியவன் வீட்டில் வேறு ஏதோ பூக்கும்.

எனவே சொந்த வேரில் நிற்கிற புதர் ரோஜாக்கள் மட்டும். எட்வர்ட் ரோஜா, கனடாவில் குளிருக்கென்றே உருவாக்கிய இரண்டு வகை, கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஒரு மஸ்க் கலப்பு, ருகோசா. ருகோசாவுக்கு இலை எல்லாம் சுருக்கம், தண்டு முழுக்க ஊசி ஊசியாய் முள். அழகு என்று சொல்ல முடியாது. பனிக்கட்டி மூடுகிற கடற்கரைகளில் வளர்கிற செடி அது.

நவம்பர் 28

சோதனைப் பாத்தி எங்கே போடுவது என்று காந்தன் கேட்டான். "இருக்கறதுலயே ரொம்பக் குளுருற எடமாப் பாத்து நீயே சொல்லு நிரோ."

யோசிக்கவே வேண்டியதில்லை. குளிர்காற்று தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். பள்ளத்தின் அடிமடியில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் சேற்று நிலமும் நெருக்குகிற இடுக்கைக் காட்டினேன். விடிகாலையில் அங்கேதான் புல் முதலில் வெளுக்கும்.

காலனியிலிருந்து ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் பாதை அந்த இடுக்கு வழியாகத்தான் போகிறது. அதையும் சொன்னேன். "பைப்புல தண்ணி வத்துறப்ப ஜனங்க அந்தப் பக்கம் போவாங்களே."

"இப்ப மழை முடிஞ்ச நேரம், பைப்புல தண்ணி வருது. மாசி வரைக்கும் எவ அங்க போறா? அதுக்குள்ள செடிய மேல தோட்டத்துக்கு மாத்திருவோம்."

சரியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 2

குழி எடுக்கக் காலனிப் பெண்களையே சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். காந்தன் எம்.டி.யிடம் பேசி ஒப்புதல் வாங்கினான். தோட்டம் முழுசாக வந்ததும் எல்லாருக்கும் நிரந்தர வேலை என்றும் சொன்னான். காலனியில் போய் நான்தான் அறிவித்தேன்.

பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா நம்பவில்லை. "நெரந்தரமா? எஸ்டேட்டுக்காரனும் இப்பிடித்தாண்டி சொன்னான். வித்துட்டுப் போகும்போது டாட்டா கூட காட்டல."

"இது வேற அக்கா. காந்தன் இருக்கான்ல."

"ஆமா, காந்தன் இருக்கான். காலனில உள்ள பயலுவள எல்லாம் அண்ணன் அண்ணன்னு கூப்புடுற. அவன மட்டும் பேரச் சொல்ற. என்னா கணக்கு அது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்டி வேலை இவர்களுக்கு.

டிசம்பர் 10

முதல் உறைபனி. பாத்தி முழுக்க உப்புக் கொட்டியது போல. சோதனை என்பதால் எந்தச் செடியையும் மூடவில்லை. காந்தன் அவனுடைய ஜெர்கினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன், மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

டிசம்பர் 19

எட்வர்டின் குருத்து எல்லாம் கருகிவிட்டது. மஸ்க் கலப்பு வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. கனடா வகைகள் பரவாயில்லை, மொட்டு மட்டும் பழுப்பாகிக் கொட்டுகிறது. ருகோசா அப்படியே நிற்கிறது. அதன் இலைச் சுருக்கங்களில் பனி தங்கியிருந்தது, வெயில் வந்ததும் உருகி ஓடியது, அவ்வளவுதான்.

டிசம்பர் 29

ஐந்தில் ருகோசா என்று முடிவு சொன்னேன். கனடா வகை ஒன்றை இரண்டாவதாகச் சொன்னேன், பூ அழகு என்பதால். காந்தன் பூவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஆடு திங்குமா?"

"இந்த முள்ளுக்கா? வாயி கிழிஞ்சிரும்."

"பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணோட ஒண்ணு சேந்துக்குமா?"

"அடியிலருந்து பக்கக்கன்னு விட்டுக்கிட்டே போகும். ரெண்டு வருசத்துல செவுரு மாதிரி ஆயிரும். நாய் கூட நுழையாது."

"வெட்டுனா?"

"வெட்டுனா இன்னும் அடர்த்தியா வரும். வேரோட தோண்டுனாத்தான் உண்டு."

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான். ஆண் பிள்ளைகள் இந்த மாதிரி விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டுவது அபூர்வம். என் படிப்பைப் பற்றி இத்தனை கேள்வி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அம்மா கூட.

ஜனவரி 6

லாரியில் ருகோசா வந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட நிறைய. மேலே தோட்டத்துக்கான மண் வேலை முடியவில்லையாம். அதுவரை இடுக்கிலேயே, பாறையிலிருந்து சேறு வரைக்கும் இரட்டை வரிசையாக நட்டு வைத்துவிடலாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றான் காந்தன். வேர் காய்ந்து போவதற்கு அது மேல். தற்காலிகம்தான் என்றாலும் குழியை முழு ஆழத்துக்கு எடுக்கச் சொன்னான்.

பாதை இருந்த இடத்தில் மண் இறுகிப் போயிருந்தது. லெச்சுமி அக்காவின் மண்வெட்டி துள்ளித் துள்ளி எகிறியது. "எங்க மாமியா நடந்து நடந்து கல்லாக்கி வச்சிருக்கு பாரு. செத்தும் எனக்கு வேல வக்கிது."

ஜனவரி 8

புதிதாக நட்ட செடிக்கு வேர் பிடிக்கும்வரை மூடாக்கு வேண்டும். இந்த மலையில் குளிர்காலம் வந்தால் பூங்காவிலிருந்து வீட்டுத் தொட்டி வரை எல்லாச் செடிக்கும் மிலார் போடுவோம். சரிவில் வெட்டிய மிலார்ச் செடியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டால் பனி மேலேயே நின்றுவிடும். மிலார் போட்ட இடத்தில் யாரும் காலை வைப்பதில்லை. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே மூடினார்கள். மாலையில் பார்த்தால் இடுக்கு முழுக்கப் பழுப்புப் போர்வை. பாதை எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"பனி முடியுற வரைக்கும் யாரும் இதுமேல மிதிச்சிராதீங்க. வேரு அத்துரும்" என்றேன்.

"ரோசாக்காரி சொல்லிட்டா. மிதிக்கிறவ கால ஒடிச்சிருவேன்" என்றாள் லெச்சுமி அக்கா.

ஜனவரி 15

பொங்கல். காந்தனின் அம்மா எங்கள் வீட்டுக்குப் பொங்கல் கொண்டுவந்தார். அவன் வரவில்லை, எம்.டி. வீட்டில் விருந்து.

ஜனவரி 23

இரட்டை வரிசைக்கு நடுவே கல் தூண் நட்டு முள்கம்பி இழுக்கிறார்கள். வெளியூர் ஆட்கள். மிலாரை ஓரமாக ஒதுக்கி வேலையை முடித்து மறுபடி மூடிவிடுகிறார்கள். புதர் ரோஜாவுக்கு எதற்குக் கம்பி, அது கொடி இல்லையே என்று காந்தனிடம் கேட்டேன்.

"காட்டெரும வருது நிரோ. நீ கஷ்டப்பட்டு வளத்தத மிதிச்சிட்டுப் போயிட்டா?"

காட்டெருமை வரத்தான் செய்கிறது. கழற்ற வேண்டிய கம்பிக்குக் கல் தூண் எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. நாளை கேட்க வேண்டும்.

ஜனவரி 24

கேட்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று நினைத்துவிடுவான்.

பிப்ரவரி 6

பைப்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. இந்த வருடம் சீக்கிரம். வாரத்தில் ஒரு நாள்தான், அதுவும் சேறாக. ஊற்றுக்குப் போகலாமா என்று பெண்கள் வந்து என்னிடம் கேட்டார்கள். நேற்றும் உறைபனி இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

பொறுத்தார்கள். தார்ச்சாலை வழியாகச் சுற்றி, கோயில் மேட்டில் ஏறி இறங்கி, பஸ் ஸ்டாப் குழாயிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள். அம்மாவும் போனாள். வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒஞ் செடி நல்லாருக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 21

பனி முடிந்தது. காலையில் பெண்களோடு போய் மிலாரை அகற்றினோம்.

அத்தனை செடியும் பிடித்திருக்கிறது. ஒன்றுகூடச் சாகவில்லை. தண்டு தண்டாகச் சிவப்புத் துளிர், அடியில் பக்கக்கன்றும் கிளம்பிவிட்டது. பாறையிலிருந்து சேறுவரை இடைவெளி இல்லாமல் இரண்டு வரிசை முள், நடுவில் எட்டு வரிசையாக இழுத்த முள்கம்பி. அந்தப் பக்கம் எங்கள் ஊற்று. ஊற்றைச் சுற்றிப் புதிதாக சிமென்ட் தொட்டி கட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து மேலே விடுதிக்குக் குழாய் போகிறது.

நாங்கள் எல்லாரும் கையில் மிலாரோடு நின்றோம். லெச்சுமி அக்கா வரிசையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"இத எப்ப எடுத்து மேல நடப்போற?"

நான் காந்தனைக் கேட்கிறேன் என்றேன்.

"அவனக் கேக்காத. நீ சொல்லு. நீதான் மிதிக்காதேன்ன."

பிப்ரவரி 22

காந்தனை அலுவலக வாசலில் பிடித்தேன். எம்.டி.யின் கார் நின்றிருந்ததால் என்னை ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனான்.

"செடிய எப்ப மாத்துறது?"

"வேர் பிடிச்ச செடிய எடுத்தா செத்துரும்னு நீதான சொல்லுவ."

"காந்தன், அது பாதை."

"யாருக்குப் பாத? பட்டா கம்பெனி பேர்ல இருக்கு. அதுவும் மூணு மாசமா ஒருத்தர் கூட அந்த வழியா நடக்கல. போட்டோ எடுத்து வச்சிருக்கோம். பைப்புத் தண்ணி வத்தியும்கூட ரோட்டு வழியாத்தான் போயிருக்காங்க. வக்கீலுக்கு அது போதும்."

"நான் நடக்காதேன்னு சொன்னதால நடக்கல."

"அதான்" என்றான்.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவன் பேசிக்கொண்டே இருந்தான். செக்யூரிட்டி போட்டு மறித்தால் காலனி சண்டைக்கு வந்திருக்கும். நான் சொன்னால் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். பெங்களூர் ஆள் வந்திருந்தால் இது நடந்திருக்காது. அதையும் அவனே சொன்னான், ஏதோ என்னைப் பாராட்டுவது போல.

"ஒங்கம்மா தண்ணிக்கு எங்க போவாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாவ குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிட்டு வந்துருவேன். நீயும்... ஒனக்கும் பெர்மனென்ட் போட சொல்லிருக்கேன். கொஞ்சம் பொறுமையா இரு நிரோ."

அந்த "நீயும்"க்குப் பிறகு என்ன சொல்ல வந்தான் என்று நான் யோசிக்கப்போவதில்லை.

பிப்ரவரி 23

வேலைக்குப் போகவில்லை. ஜெர்கினை அம்மாவிடம் கொடுத்து காந்தன் வீட்டில் கொடுத்துவிடச் சொன்னேன். என்னிடம் எப்படி வந்தது என்று அம்மா கேட்கவில்லை.

பிப்ரவரி 27

காலனியிலிருந்து தாலுகா ஆபீஸில் போய் முறையிட்டதால் வருவாய்த் துறை ஆர்.ஐ. நேரில் பார்க்க வந்தார். கம்பெனி பக்கம் காந்தனும் வக்கீலும். இந்தப் பக்கம் நாங்கள். பெண்கள் யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை.

பாதை இருந்தது என்பதற்கு என்ன அடையாளம் என்று ஆர்.ஐ. கேட்டார். முன்னால் போய் நான் சொன்னேன். இந்த வரிசையை நட்டவள் நான். குழி எடுத்தபோது இந்தப் பத்தடிக்கு மண் கல்லாக இருந்தது, மற்ற இடத்தில் இல்லை, தோண்டிப் பார்த்தால் இப்போதும் தெரியும். பனிக்காலம் முடியும்வரை நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதால்தான் நடக்கவில்லை. தற்காலிகம் என்று கம்பெனி சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார்.

சூப்பர்வைசர் என்றுதான் சொன்னேன். பேரைச் சொல்லவில்லை.

ஆர்.ஐ. அவனைத் திரும்பிப் பார்த்தார். காந்தன் கூச்சப்படுகிறவன் போலச் சிரித்தான்.

"சார், அது வேற பிரச்சன. இவுங்களுக்கு எம்மேல ஒரு இது. கல்யாணம் பண்ணிக்குவேன்னு நெனச்சிட்டிருந்தாங்க போல. நான் அப்பிடியெல்லாம் பழகல. முடியாதுன்னதும் இப்பிடிப் பேசுறாங்க. கேட்டுப் பாருங்க, காலனிக்கே தெரியும்."

வக்கீல் சிரித்தார். ஆர்.ஐ.யும் சிரித்தார், மீசைக்குள்.

நான் அவனிடம் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. அவன் முடியாது என்று சொல்ல நான் இடமே கொடுத்ததில்லை. ஆனால் அதை அங்கே எப்படிச் சொல்வது. இல்லை என்று சொன்னால் பொய் போல இருக்கும், ஆமாம் என்றால் அவன் சொன்னது உண்மையாகிவிடும். ஒரு பெண் சொல்கிற எந்த உண்மையையும் இப்படி ஒரே வாக்கியத்தில் குப்பையில் போட முடிகிறது. மண் எப்படி இருந்தது என்றுதான் நான் சொன்னேன். என் மனது எப்படி இருந்தது என்று அவன் பதில் சொன்னான். அதோடு விசாரணை முடிந்தது.

முடியும்போதுதான் லெச்சுமி அக்கா வாயைத் திறந்தாள். "சார், அவ யாரக் கட்டிக்க நெனச்சா ஒங்களுக்கென்ன? அவ தோண்டச் சொன்ன எடத்துல ஒரு வெட்டு வெட்டிப் பாருங்களேன்."

"அதெல்லாம் சர்வேயர் வந்துதாம்மா" என்று ஜீப்பில் ஏறினார்.

மார்ச் 1

சர்வேயர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாப் குழாயும் நின்றுவிட்டது.

மார்ச் 3

விடிந்ததும் காலனிப் பெண்கள் மண்வெட்டி, கடப்பாரையோடு இடுக்குக்குப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். இரண்டு பேர் அரிவாளால் தண்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டாதீங்க. வெட்டுனா கூடத்தான் வரும். வேரோட எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மண்வெட்டியை எடுத்தேன்.

லெச்சுமி அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ நட்டது போதும். எவ்வளவு ஆழம்னு மட்டும் சொல்லு. தொடாத."

எனவே நின்றுகொண்டு சொன்னேன். இன்னும் ஆழமாக. இந்தப் பக்க வேர் ஓடியிருக்கிறது, அதையும் எடுங்கள். விரலளவு துண்டு விட்டாலும் வந்துவிடும். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நான் சொன்னபடி செய்தார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உருப்படியான வேலை. ஒவ்வொரு செடியாக வெளியே வந்து விழுந்தது, வேரில் வெள்ளை வெள்ளையாய்ப் புதுத் தூவிகளோடு. நல்ல செடிகள். செடி மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

காந்தனின் அம்மாவும் வந்திருந்தார். பிடுங்கிய செடிகளை முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு இழுத்து ஓரத்தில் போட்டார். எல்லாரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும் அளவுக்கு இடம் கிடைத்ததும் கம்பியை அறுத்தார்கள். முதலில் உள்ளே போனவரும் அவர்தான். அவரை யாரும் வழிமறிக்கவில்லை. யாரும் அவரோடு பேசவும் இல்லை.

மத்தியானம் காந்தன் போனில் கூப்பிட்டான்.

"கம்பெனி ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்குது. நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"மண்வெட்டி கையில எடுத்தியா?"

"எடுக்க விடல."

"அப்ப ரொம்ப நல்லது. ஒம்பேர எடுத்துர்றேன். நீ அங்கயே இல்லன்னு சொல்லிரு. அன்னைக்கு சொன்னது மனசுல வச்சுக்காத, வேலைக்காக சொன்னது. ஒனக்காகத்தான நான் இவ்வளவும்..."

"ஒங்கம்மா பேர என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவனுக்குத் தெரியவில்லை. அம்மா அங்கே வந்ததை யாரும் சொல்லியிருக்கவில்லை. "அம்மாவா? அம்மா அங்க வந்தாங்களா?" என்றான்.

"காந்தன் அண்ணா" என்றேன். "எம் பேர மொதல்ல போடுங்க. என்ன பண்ணேன்னு கேட்டா, சொல்லிக் குடுத்தேன்னு எழுதுங்க." வைத்துவிட்டேன்.

சாயங்காலம் லெச்சுமி அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினாள். நாளைக்குக் காலையில் எல்லாரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"நான் பேசுனா வள்ளு வள்ளுன்னு விழுவேன். நீ படிச்சவ, நீ பேசு. ஆனா அன்னைக்கு மாதிரி மென்னு முழுங்காத. பேரச் சொல்லிப் பேசு."

சரி என்றேன்.

"ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.